எதிர்த்தவர்கள் இறக்கும்வரை

அறிவியலில் ஒரு புதிய உண்மை வெல்வது எதிர்த்தவர்களை இணங்க வைப்பதால் அல்ல. அவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோய், அந்த உண்மையோடு சேர்ந்தே வளர்ந்த தலைமுறை ஒன்று வந்துவிடுவதால்தான் என்று மாக்ஸ் பிளாங்க் எழுதியிருக்கிறார். அறிவியல் எப்படி மாறுகிறது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கருத்து யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்து விழுந்துவிடுகிறது. இதைச் சொல்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூத்தவர்களிடம் கட்டுரையைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்ட இளம் ஆய்வாளர்கள் இதைக் கசப்போடு சொல்கிறார்கள். அறிவியலின் மீதே நம்பிக்கை இல்லாதவர்களோ, 'பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்' என்ற மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இந்த இரு தரப்பும் ஒரே மேற்கோளைக் கையில் எடுக்கும்போது, அதை ஒருமுறை உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

அண்மையில் ஓர் உரையாடலில் இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவர், நல்ல படிப்பாளி, இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டு அதிலிருந்து ஒரு முடிவையும் எடுத்தார். அறிவியல் மாறுவது ஆள் மாறுவதால்தான் என்றால், சான்றுகளுக்கு அங்கே வேலை இல்லை. ஆடை வடிவங்கள் மாறுவதற்கும் கொள்கைகள் மாறுவதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை என்றார். அவர் எடுத்த முடிவில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. பிளாங்க் சொன்னது உண்மையானால் அந்த முடிவும் ஏறக்குறைய உண்மைதான். எனக்கு உறுத்தலாக இருந்தது அந்த முதற்படி. அது உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. சொன்னவர் குவாண்டம் இயற்பியலைத் தொடங்கிவைத்தவர் என்பதாலேயே அது நிரூபிக்கப்பட்டதைப் போல நடமாடுகிறது.

பிளாங்க் எந்த இடத்தில் இதை எழுதினார்?

அவர் 1947-இல் இறந்த பிறகு வெளிவந்த தன்வரலாற்றுக் குறிப்பில் இது வருகிறது. சந்தர்ப்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் நடந்த ஒரு சண்டை. வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், கியோர்க் ஹெல்ம், எர்ன்ஸ்ட் மாக் போன்றோர் இயற்கையை ஆற்றல் என்ற ஒன்றைக் கொண்டே விளக்கிவிடலாம், கண்ணால் காணாத அணுக்கள் தேவையில்லை என்ற பக்கம் நின்றார்கள். பிளாங்க் அவர்களோடு வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே பாயும் என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி குறித்து மோதினார். தம் வாதம் சரியாக இருந்தும் அந்தப் பெரிய பெயர்களின் முன் எடுபடவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து தாம் கற்றது என்றுதான் மேற்சொன்ன கருத்தை எழுதுகிறார்.

ஆனால் அந்தச் சண்டையின் முடிவு அவர் சொன்னதற்கு நேர்மாறாக இருக்கிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவதாகிய பிரௌனியன் இயக்கம் பற்றி ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதினார். ஜான் பெரென் 1908 முதல், நீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிசின் துகள்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்த உயரத்தில் எத்தனை துகள்கள் நிற்கின்றன என்று எண்ணத் தொடங்கினார். ஆஸ்ட்வால்ட் 1909-இல் வெளிவந்த தம் பாடநூலின் புதிய பதிப்பு முன்னுரையில், அணுக்கள் இருப்பதற்கான சோதனைச் சான்று கிடைத்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அதன் பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மாக்தான் 1916-இல் இறக்கும்வரை அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் வேடிக்கை என்னவென்றால், அணுக்களைக் கொண்டு புள்ளியியல் முறையில் வெப்பத்தை விளக்கிய போல்ட்ஸ்மனின் வழி பிளாங்குக்கே நெடுநாள் பிடிக்கவில்லை. 1900-இல், சூடேறிய பொருள் உமிழும் கரும்பொருள் கதிர்வீச்சுக்கான சூத்திரத்துக்குப் பொருள் காண முயன்றபோது வேறு வழியில்லாமல் போல்ட்ஸ்மனின் எண்ணும் முறையைக் கையில் எடுத்தார். அதிலிருந்துதான் குவாண்டம் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 42. தாமே நடுவயதில் மனம் மாறிய மனிதர், தம்மோடு மோதிய முதன்மையான எதிராளி மனம் மாறியதைக் கண்ட மனிதர், யாரும் மனம் மாறுவதில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஒரு பொதுவிதியைச் சாய்த்துவிட முடியாது என்பது சரி. அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962-இல் வெளியிட்ட நூலில் பிளாங்கின் இந்த வரிகளை மேற்கோள் காட்டியதோடு, டார்வினும் இதே பொருள்பட எழுதியதை எடுத்துச் சொல்கிறார். ஆகவே இதை வயது, மரணம் என்ற கணக்கில் சோதிக்க எனக்கு இன்னும் விரிவான ஒரு வரலாறு தேவைப்பட்டது. டேவிட் ஹல்லும் உடன் ஆய்வாளர் இருவரும் 1978-இல், டார்வினின் கருத்தை பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் எவ்வளவு விரைவாக ஏற்றார்கள் என்பதை அவர்களுடைய வயதோடு ஒப்பிட்டு, வயது விளக்கும் பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். அது பயனுள்ள எண்தான். ஆனால் எண் ஒரு மனிதர் ஏன் மாறினார் என்பதைச் சொல்லாது. அதற்காகத்தான், கண்டங்கள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்கின்றன என்ற கண்டப்பெயர்ச்சிக் கருத்தின் வரலாற்றுக்குப் போனேன்.

மறுத்தவர்களின் நியாயம்

ஜெர்மன் வானிலையாளர் ஆல்ஃபிரெட் வேகனர் 1912-இல் முன்வைத்து 1915-இல் நூலாக்கிய இந்தக் கருத்தை அரை நூற்றாண்டுக் காலம் புவியியலாளர்கள் ஏளனம் செய்தார்கள், பிறகு அவரே சரி என்று தெரிந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கதையில் மறுத்தவர்கள் மூடர்களாகவே வருகிறார்கள். அவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. கண்டங்களை நகர்த்தும் விசையாக வேகனர் சொன்னவை இரண்டு: பூமியின் சுழற்சியால் துருவத்திலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கித் தள்ளும் விசை, கடலை ஏறி இறங்கச் செய்யும், சூரியனும் நிலவும் தரும் ஓதவிசை. பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கண்டங்களை இழுத்துச் செல்லும் அளவுக்கு ஓதவிசை வலுவாக இருந்தால், அது பூமியின் சுழற்சியையே ஓராண்டுக்குள் நிறுத்திவிடும் என்று காட்டினார். அந்தக் கணக்கு இன்றும் சரியானதே. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் மேற்கே நகர்கிறது என்று வேகனர் காட்டிய அளவீடு தவறானது. உண்மையான நகர்வு சில சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. விசை தவறு, வேகம் தவறு. மிஞ்சியவை கரைகளின் பொருத்தம், இரு கரையிலும் ஒத்திருந்த பாறைகள், குளோசோப்டெரிஸ் என்ற தாவரமும் மீசோசாரஸ் என்ற ஊர்வனமும் விட்டுச்சென்ற தொல்லுயிர் எச்சங்கள்.

அந்த எச்சங்களுக்கோ வேறொரு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. கண்டங்களை இணைத்த நிலப்பாலங்கள் ஒரு காலத்தில் இருந்தன, பிறகு கடலுக்குள் மூழ்கிவிட்டன என்பது அது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் இருப்பதை விளக்க ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் லெமூரியா என்று பெயரிட்டதும் இந்த வகை நிலப்பரப்பைத்தான். அந்தப் பெயர் பின்னாளில் போன வழி தனிக் கதை. இந்த விளக்கத்தில் ஓட்டை இருந்தது. எடை குறைந்த கண்டப் பாறை, அடர்த்தி மிகுந்த அடிப்பாறையில் மிதந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதே நன்கு நிறுவப்பட்டிருந்ததால், அவ்வளவு பெரிய நிலம் எப்படி மூழ்கும் என்று வேகனர் திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இரண்டு விளக்கங்களிலும் ஓட்டை இருக்கும்போது, பழகிய விளக்கத்தின் ஓட்டையைப் பொறுத்துக்கொள்வது மனித இயல்பு மட்டும் அல்ல. அது ஓரளவு நல்ல முறையியலும்கூட. வேகனரை நம்ப வேண்டுமென்றால் கடந்த 70 ஆண்டுகளில் கற்றதையெல்லாம் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னதாக அமெரிக்கப் புவியியலாளர் ரோலின் சேம்பர்லின் பதிவு செய்திருக்கிறார். இதைக் கண்மூடித்தனத்தின் சான்றாக இன்று காட்டுகிறார்கள். எனக்கு அது ஒரு நேர்மையான விலைப்பட்டியலாகத் தெரிகிறது. ஒரு கருத்தை ஏற்க எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் கேட்டார். கிடைக்கும் சான்று அந்த விலைக்குப் போதாது என்று நினைத்தார்.

இங்கே வயதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எதிர்ப்பின் உருவமாகவே நின்ற ஜெஃப்ரீஸ் பிறந்தது 1891. கண்டங்களுக்கு அடியில் பாறை மிக மெதுவாகச் சுழன்றோடுகிறது, கதிரியக்க வெப்பம் அதை ஓட்டுகிறது என்று 1931-இல் எழுதி, வேகனரிடம் இல்லாத விசையை வழங்க முன்வந்த ஆர்தர் ஹோம்ஸ் பிறந்தது 1890. இருவரும் ஒரே நாட்டவர், ஒரே தலைமுறை. தென்னாப்பிரிக்காவின் அலெக்ஸ் டூ டாய்ட் அவர்களைவிட மூத்தவர். 1923-இல் தென்னமெரிக்காவுக்குப் போய், தம் நாட்டுப் பாறை அடுக்குகளோடு அங்குள்ளவற்றை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தவர், சாகும்வரை கண்டப்பெயர்ச்சியை ஆதரித்தார். தெற்கில் வேலை செய்தவர்களுக்கு எளிதாகப் பட்டது வடக்கில் வேலை செய்தவர்களுக்கு ஏன் அப்படிப் படவில்லை என்பதற்கு, வயதைவிட அவர்கள் கண்முன் எந்தப் பாறை இருந்தது என்பது நல்ல விளக்கம்.

கடலின் அடியிலிருந்து

திருப்பம் நிலத்தில் நிகழவில்லை. ஐம்பது ஆண்டுகள் கரைகளையும் எச்சங்களையும் வைத்து வாதாடியவர்கள் அதே சான்றுகளைத் திரும்பத் திரும்ப எடைபோட்டு, ஒருவரை ஒருவர் அசைக்க முடியாமல் நின்றார்கள். அசைத்தது, அந்த வழக்கில் கட்சிக்காரராக இல்லாத கடல்தரை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமாண்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்து, அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நெடுகிலும் ஒரு பிளவு இருப்பதை 1952-இல் கண்டார். பெண்களைக் கப்பலில் ஏற்றாத காலம் அது. தாம் வரைந்த கடலில் அவர் அதுவரை பயணம் செய்ததே இல்லை. உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார், காரணம் அது கண்டப்பெயர்ச்சியைப் போலத் தோன்றியது என்பதே. பக்கத்து மேசையில் வேறொரு வேலைக்காக ஒருவர் நிலநடுக்க மையங்களைக் குறித்துக்கொண்டிருந்த வரைபடத்தை மேலே வைத்துப் பார்த்தபோது, நடுக்கங்கள் அந்தப் பிளவை ஒட்டியே வரிசையாக விழுந்திருந்தன. ஹீசன் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் ஏற்றுக்கொண்டது கண்டப்பெயர்ச்சியை அல்ல. பூமியே உப்பிப் பெரிதாகிறது, அதனால்தான் பிளவு என்ற முடிவுக்குப் போனார். சான்று தானாகப் பேசும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

அடுத்த துண்டு காந்தத்திலிருந்து வந்தது. கப்பலுக்குப் பின்னால் காந்தமானியைக் கட்டி இழுத்துச் சென்றால், கடல்தரைப் பாறையின் காந்தம் சில இடங்களில் பூமியின் புலத்தைச் சற்றுக் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் காட்டுகிறது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ரான் மேசனும் ஆர்தர் ராஃபும் அளந்து 1961-இல் வெளியிட்ட வரைபடத்தில் இவை நீண்ட, ஒழுங்கான வரிகளாகத் தெரிந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1963-இல் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஃபிரெட் வைனும் அவருடைய வழிகாட்டி டிரம்மண்ட் மாத்யூஸும் ஒரு விளக்கம் சொன்னார்கள். நடுமலைத்தொடரின் பிளவில் உருகிய பாறை மேலே வந்து உறைகிறது. உறையும்போது பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைப் பதிந்துகொள்கிறது. பிறகு இரு பக்கமும் விலகிப் போகிறது. பூமியின் புலம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்புமானால், நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் நெய்துகொண்டு போகும் பாயைப் போல, இரு பக்கமும் ஒரே வரிசையில் வண்ணக் கீற்றுகள் விழ வேண்டும். கனடாவில் லாரன்ஸ் மார்லி இதே கருத்தைத் தனியாக எழுதி அனுப்பினார்; இரண்டு இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. விருந்துகளில் பேசிக்கொள்ளலாம், அச்சிடத் தகாது என்றார் ஒரு மதிப்பீட்டாளர். வைன், மாத்யூஸ் கட்டுரை அச்சானது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாததற்கு நல்ல காரணமும் இருந்தது. பூமியின் புலம் தலைகீழாகத் திரும்புகிறதா என்பதே அப்போது முடிவாகவில்லை. அதை முடிவு செய்தவர்கள் கடலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள். கலிஃபோர்னியாவில் ஆலன் காக்ஸ், ரிச்சர்டு டோல், பிரென்ட் டால்ரிம்பிள் ஆகியோரும், கான்பெராவில் இயான் மெக்டூகல் முதலானோரும், நிலத்தில் கிடைத்த எரிமலைப் பாறைகளை எடுத்து, பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாகும் வேகத்தைக் கொண்டு அவற்றின் வயதைக் கணித்து, எந்த வயதுப் பாறையில் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரு குழுக்களும் போட்டி போட்டுக்கொண்டு அதைத் திருத்தின. 1965-இல் அமெரிக்கக் குழு நியூ மெக்சிகோவின் ஹராமிலோ ஓடைக்கு அருகே எடுத்த பாறைகளிலிருந்து, ஏறக்குறைய 9 லட்சம் ஆண்டுகளுக்கு முன், தலைகீழாக இருந்த புலம் குறுகிய காலத்துக்கு இன்றைய திசைக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்று கண்டது. அட்டவணையில் ஒரு மெல்லிய கோடு கூடியது, அவ்வளவுதான். அந்த ஆண்டு நவம்பரில் ஒரு கூட்டத்தில் டால்ரிம்பிளிடமிருந்து இதைக் கேட்டறிந்த வைனுக்கு, தம் கையில் இருந்த கடல் அளவீட்டில் அதுவரை கணக்கில் ஒட்டாமல் நின்ற ஒரு மேடு எங்கே போய் உட்காரும் என்பது உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கோட்டைச் சேர்த்தால், கடல்தரை சீரான வேகத்தில் விரிந்ததாகக் கணக்கு நேராகிறது.

எல்டானின் 19

என் கவனம் வந்து தங்கியது இந்த இடத்தில்தான். எல்டானின் என்ற ஆய்வுக் கப்பல் பசிபிக்–அண்டார்ட்டிக் மலைத்தொடரைக் குறுக்கே கடந்தபோது எடுத்த காந்த அளவுகளை லாமாண்டில் மாணவராக இருந்த வால்டர் பிட்மன் 1965-இன் இறுதியில் கணினியில் ஏற்றி வரைபடமாக்கினார். அவற்றில் 19 என்ற எண்ணுள்ளதைப் பின்னாளில் எல்லாப் பாடநூல்களும் அச்சிட்டன. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை: இடமிருந்து வலமாக ஓடும் ஒரு நடுங்கும் கோடு, நடுவே ஓர் அகன்ற முகடு, அதன் இரு பக்கமும் பள்ளங்களும் மேடுகளும். நான் அதைத் தாளில் அச்சிட்டு, நடுமுகட்டில் செங்குத்தாக மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இடப்பக்கக் கோடு வலப்பக்கக் கோட்டின் மீது படிந்தது. ஓரிடத்தில் சற்று விலகுகிறது, மறுபடியும் சேர்கிறது. பெரிய மேடுகள் பொருந்தியது எனக்கு வியப்பளிக்கவில்லை. நடுமுகட்டை அடுத்து, கவனிக்காவிட்டால் கை நடுக்கம் என்று விட்டுவிடத் தக்க ஒரு சிறு கூர்மேடு இருக்கிறது. அது இரு பக்கமும் ஒரே தொலைவில் இருக்கிறது. அதுதான் ஹராமிலோ. நியூ மெக்சிகோவின் மலைப்பாறையில் ஆர்கானை அளந்து கண்ட காலம், அண்டார்ட்டிக்காவுக்கு அருகே கடலுக்கு அடியில் தொலைவாக எழுதப்பட்டிருக்கிறது.

பிட்மன் இந்த வரைபடங்களைப் பக்கத்து ஆய்வாளர் நீல் ஒப்டைக்கின் அறைக் கதவில் குத்திவிட்டு வீட்டுக்குப் போனார், திரும்பி வந்தபோது ஒப்டைக் நிலைகொள்ளாமல் இருந்தார் என்று சொல்லப்படுகிறது. ஒப்டைக்குக்கு அப்படி இருக்கக் காரணம் இருந்தது. அவரும் தம் குழுவினரும் ஆழ்கடல் சேற்றில் குழாய் இறக்கி எடுத்த மண்தூண்களில், மேலிருந்து கீழாகக் காந்தத் திசை மாறுவதை அளந்துகொண்டிருந்தார்கள். அங்கேயும் அதே வரிசை, அதே மெல்லிய கோடு. நிலத்தில் காலமாக, கடல்தரையில் அகலமாக, சேற்றில் ஆழமாக, ஒரே அட்டவணை மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. பிட்மனும் ஜேம்ஸ் ஹெர்ட்ஸ்லரும் 1966 டிசம்பரில் இதை வெளியிட்டபோது, ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 4.5 சென்டிமீட்டர் என்று வேகத்தைக் கணித்து, நிலத்துக்காரர்கள் எட்டியிருந்த சுமார் 34 லட்சம் ஆண்டுகளைத் தாண்டி, காந்த வரலாற்றை ஒரு கோடி ஆண்டுகள்வரை நீட்டிவிட்டார்கள். கடல், நிலத்துக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது.

ஆய்வகத்திலேயே மூத்தவர் ஒருவர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது மிகவும் கச்சிதமாக இருக்கிறது, இயற்கையில் இப்படி இருக்க முடியாது என்று ஒதுக்கினார் என்று பிட்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். லாமாண்டைத் தோற்றுவித்து நடத்திய மாரிஸ் யூவிங் கண்டப்பெயர்ச்சியை நம்பாதவர். 1966 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் எட்வர்டு புல்லார்டிடம் வந்து, இந்தக் குப்பையையெல்லாம் நீ நம்பவில்லையே என்று கேட்டாராம். ஆனால் அந்தக் குப்பைக்கான அளவுகளை எடுத்தது அவருடைய ஆய்வகம்தான். கப்பல் கடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அளந்துகொண்டே இரு, எதற்கு என்று பிறகு பார்க்கலாம் என்பது யூவிங்கின் கொள்கை. தம் நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக எதை அளப்பது என்று அவர் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தொகுப்பு உருவாகியே இருக்காது. அடுத்த ஆண்டே அவரும் அவருடைய தம்பி ஜானும் சேர்ந்து, நடுமலைத்தொடர்களில் படிவு எப்படிப் பரவியிருக்கிறது என்பதைக் கடல்தரை விரிவோடு பொருத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

யூவிங் பிறந்தது 1906. ஐம்பது வயதைக் கடந்த பிறகு கட்சி மாறி, கண்டப்பெயர்ச்சியின் முன்னணி வாதியாகவே ஆன கனடாவின் டூசோ வில்சன் பிறந்தது 1908. முதலில் ஐயத்தோடு இருந்து, பிறகு அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் கணினியைக் கொண்டு பொருத்திக் காட்டிய புல்லார்டு 1907. கடைசிவரை எதிர்த்த சோவியத் புவியியலாளர் விளாதிமிர் பெலோசவ் அதே 1907. இந்த நால்வரையும் வைத்துக்கொண்டு வயதைப் பற்றி ஒரு பொதுவிதியும் எழுத முடியாது.

எது அசைத்தது?

அப்படியானால் எது மனங்களை மாற்றியது? சான்று கூடிக்கொண்டே போய் ஒரு நாள் தராசு சாய்ந்தது என்பது போதாது. கரைப் பொருத்தத்தைப் பற்றிய சான்று ஐம்பது ஆண்டுகள் கூடிக்கொண்டுதான் போனது, தராசு அசையவில்லை. பொய்ப்பிக்கப்பட்ட கொள்கை கைவிடப்படுகிறது என்ற மெய்யியலாளர் பாப்பரின் பாடமும் இங்கே சரியாகப் பொருந்தவில்லை. கண்டங்கள் நகர்வதில்லை என்ற கருத்தைக் காந்தக் கோடுகள் தர்க்கரீதியாகப் பொய்யாக்கிவிடவில்லை, ஹீசனைப் போலப் பூமி உப்புகிறது என்றும் சொல்லலாம். கூன் சொல்வதைப் போல உலகையே வேறு விதமாகக் காணும் ஒரு தாவல் நிகழ்ந்தது என்பதில் உண்மை உண்டு. ஆனால் அந்தத் தாவலில் இரு தரப்பும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் நின்றதாகத் தெரியவில்லை. யூவிங்குக்கு அந்த வரைபடத்தின் பொருள் நன்றாகவே புரிந்தது. அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

எனக்குத் தோன்றும் விடை இது. சண்டையில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள், வேறொரு நோக்கத்துக்காக, முன்கூட்டியே நிர்ணயித்து வைத்த அளவுகோல் ஒன்று வந்து பொருந்தும்போதுதான் அனுபவமுள்ள எதிராளி அசைகிறார். ஹராமிலோவின் வயதைக் கணித்தவர்கள் கடல்தரையை மனத்தில் வைத்து அதைக் கணிக்கவில்லை. கப்பலில் காந்தமானியை இழுத்தவர்கள் ஹராமிலோ என்ற பெயரையே கேட்டதில்லை. இரு தரப்பும் ஒருவருக்கொருவர் வளைந்து கொடுத்திருக்க வழியே இல்லை. கரைகள் பொருந்துகின்றன என்று வேகனர் சொன்னபோது, அவர் கண் பொருத்தத்தைத் தேடியது என்று சொல்லிவிட முடிந்தது. இங்கே அப்படிச் சொல்ல யாரும் இல்லை. வெவ்வேறு வகை உண்மைகளிலிருந்து கிளம்பிய ஊகங்கள் எதிர்பாராமல் ஓரிடத்தில் சந்திப்பதே வலிமையான சான்று என்று வில்லியம் ஹியூவெல் 1840-இலேயே எழுதிவிட்டார். ஆஸ்ட்வால்டை அசைத்ததும் இந்த வகைதான். அவர் தம் முன்னுரையில் சுட்டியவை இரண்டு: வாயு அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணியது, பிரௌனியன் இயக்கம் அணுக்கொள்கையோடு ஒத்துப்போனது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகள். பெரென் 1913-இல் வெளியிட்ட நூலில், வாயுக்களின் பாகுத்தன்மை, வானத்தின் நீலம், கதிரியக்கம் என்று எங்கெங்கோ இருந்து, ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைக் கணித்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்பதைக் காட்டினார்.

இந்த விடையில் எனக்கே நெருடும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வேகனரின் எதிர்ப்பாளர்களுக்கு நான் அளித்த நியாயம் பாதியில் நின்றுவிடும். அவரிடம் அவர்கள் கேட்ட முதற்கேள்வி, எந்த விசை நகர்த்துகிறது என்பது. 1966-இல் அந்தக் கேள்விக்கு யாரிடமும் தெளிவான விடை இல்லை. பூமிக்குள் அமிழும் கடல்தரைப் பாறைத் தட்டின் எடையே முதன்மையான இழுவிசை என்ற இன்றைய கருத்து பின்னால் உருவானது, அதன் விவரங்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதாவது வேகனரிடம் கேட்ட விலையை வைனிடமும் பிட்மனிடமும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கோரிக்கை நிறைவேற்றப்படவில்லை, ஓசையில்லாமல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இதை இரட்டை அளவுகோல் என்று ஒருவர் சொன்னால் சட்டென்று மறுக்க முடியாது. ஒரு நிகழ்வு நடந்ததா என்பதே ஐயமாக இருக்கும்போது, எப்படி நடந்தது என்று சொல்ல முடியாமை அதற்கு எதிரான சான்றாகிறது. நடந்தது உறுதியான பிறகு, அதே முடியாமை வெறும் அடுத்த ஆய்வுத் தலைப்பாகிவிடுகிறது என்று நான் அதை நியாயப்படுத்துவேன். ஆனால் எந்தப் புள்ளியில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதற்கு விதி எதுவும் இல்லை. 1965-இல் அந்தக் கேள்வியைக் கேட்டவர் கவனமான அறிவியலாளர். 1968-இல் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டவர் பிடிவாதக்காரர்.

ஜெஃப்ரீஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். பாறை எவ்வளவு மெதுவாக நெகிழும் என்பதற்கு அவர் வைத்திருந்த விதியின்படி, பூமிக்குள் அத்தகைய சுழலோட்டம் நடக்க முடியாது. தம் பெரிய நூலின் ஆறாம் பதிப்பை 1976-இல் வெளியிட்டபோதும் அவர் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. எந்த நாளில் அவர் எந்த விதியை மீறினார் என்று சுட்டிக்காட்ட என்னால் முடியவில்லை. அவருடைய கணக்குகள் ஒழுங்கானவை, அவருடைய ஐயமும் ஒழுங்கானது. மற்றவர்கள் மூன்று திசையிலிருந்து வந்த பொருத்தத்தை எடைபோட்ட அளவுக்கு அவர் அதை எடைபோடவில்லை. பிளாங்கின் விதிக்கு யாராவது ஒருவர் பொருந்துவார் என்றால் அவர் இவர்தான். ஆனால் அவர் இறப்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்திலேயே பாடநூல்கள் மாறிவிட்டன. வேகனர் கிரீன்லாந்தில் அளக்க முயன்று தோற்ற நேரடி நகர்வை, கண்டம் விட்டுக் கண்டம் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 1980-களில் அளந்தார்கள். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. ஜெஃப்ரீஸ் 1989 வரை உயிரோடு இருந்தார். அந்த அளவீடு வந்தபோது, அவரைத் தவிர அதற்குக் காத்திருந்தவர்கள் மிகச் சிலரே.